கைத் தோல் எடுக்கிற ஒப்பரேசன் செஞ்சிட்டு வீட்ட வந்தா என்னெல்லாம் பாக்கணும்

40, 50 கிலோ எடை குறைச்சி, மறுகா கையில தொங்குற தோல எடுக்கிறதுக்கு தேதியும் எடுத்து வெச்சிட்டு, "ஒப்பரேசன் டொக்டர் செய்வாரு, அதுக்குப் பிறகு வீட்டில எப்பிடிச் சமாளிக்கிறது" எண்டு யோசிச்சிட்டு இரிக்கிற ஆக்களுக்குத்தான் இத எழுதுறன். எங்கட மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இத செஞ்ச ஆக்கள் இரிக்காங்க, ஆனா வெளிய சொல்றது குறைவு, அதால புதுசா செய்யப் போற ஆளுக்கு ஆருட்ட கேக்கிறது எண்டே தெரியாது. நான் செஞ்சி, கழுவாஞ்சிக்குடி கல்முனைப் பக்கம் செஞ்ச வேற ஆக்களோடயும் கதைச்சி, டொக்டர்மார் மிஸ்ஸிமார்ட்ட கேட்டுக் கேட்டு விளங்கிக்கொண்டத சொல்றன். உங்கட டொக்டர் இதுல ஏதாவத வேற மாதிரிச் சொன்னா அவர் சொல்றத கேளுங்க, உங்கட கைய வெட்டித் தைச்சது அவர்தான்.

முதல்ல ஒப்பரேசனப் பத்தி சுருக்கமா. கமக்கட்டில இருந்து முழங்கை வரைக்கும் கையிர உள்பக்கமாவோ பின்பக்கமாவோ நீளமா வெட்டி, மிச்சத் தோலயும் கொழுப்பயும் எடுத்துட்டு தைக்கிறது. நிறைய எடை குறைஞ்ச ஆக்களுக்கு வெட்டு கமக்கட்டத் தாண்டி நெஞ்சுப் பக்கமும் கொஞ்சம் இறங்கும். ரெண்டு கையும் ஒரே நாளிலதான் பெரும்பாலும் செய்வாங்க. அதுதான் விசயம். காலில ஒப்பரேசன் எண்டா ஊண்டுதடி எடுக்கலாம், ஒரு கை எண்டா மத்தக் கையால சமாளிக்கலாம், இது ரெண்டு கையும் ஒரே நேரத்தில லீவு. நம்மட வீடுகளில பெரும்பாலான வேலை கையத் தூக்கி, இழுத்து, முறுக்கிச் செய்யிற வேலைதான், அதால ஒப்பரேசனுக்கு முதல் வீட்ட ஒழுங்கு பண்ணாம போகவே போகாதீங்க.

தேதி எடுக்க முதல்

எடை ஒரே அளவில நிண்டு ஆகக் குறைஞ்சது 6 மாசமாவது ஆகியிருக்கணும். இரைப்பை ஒப்பரேசன் செஞ்சி எடை குறைச்ச ஆக்கள் எண்டா அது செஞ்சி ஒரு வருசம், ஒண்டரை வருசம் போகட்டும் எண்டுதான் பொதுவா சொல்லுவாங்க. எடை இன்னும் இறங்கிட்டிருக்கக்குள்ள செஞ்சா திரும்பவும் தோல் தொங்கும், காசும் போச்சு நோவும் போச்சு. இரும்புச்சத்து, ஹீமோகுளோபின், சுகர் எல்லாம் ரத்தத்தில பாத்து, குறைவு எண்டா முதல்ல அதத்தான் சரிப்படுத்தணும்.

சிகரட் பிடிக்கிற ஆக்கள் ஒப்பரேசனுக்கு 4 கிழமைக்கு முதலே நிப்பாட்டணும், அதுக்குப் பிறகும் காயம் ஆறும் வரைக்கும் தொடக் கூடாது. இதுல நம்மட ஆக்கள் கவனிக்காத ஒண்டு வெத்திலையோட போடுற புகையில. அதுலயும் நிக்கோட்டின்தான் இரிக்கு, அது ரத்தக் குழாயச் சுருக்கும், வெட்டின ஓரத்துக்கு ரத்தம் போகாம தோல் செத்துப் போகும். அம்மம்மாமார் எண்டில்ல, இளம் ஆக்களும் போடுறாங்க, டொக்டர் "சிகரட் பிடிக்கிறியா" எண்டு கேட்டா இல்ல எண்டு சொல்லிட்டு வந்துடுறாங்க. தயவு செஞ்சி புகையிலையயும் சொல்லுங்க. அஸ்பிரின், மீன் எண்ணெய்க் குளிசை, நாட்டு மருந்து எது குடிச்சாலும் அதயும் சொல்லுங்க, சிலது ரத்தம் உறையிறத தடுக்கும்.

காது குத்தின இடமோ சின்ன வயசில ஊசி போட்ட தழும்போ தடிச்சி வளந்திருந்தா அதயும் காட்டுங்க. நம்மட நிறத் தோலுக்கு தழும்பு தடிக்கிற தன்மை கூட, டொக்டருக்கு முதலே தெரிஞ்சா அதுக்கேத்த மாதிரி பாப்பாரு.

காலத்தயும் யோசிக்கணும். கார்த்திகை மார்கழியில வெள்ளம் வந்தா நம்மட ரோட்டு நிலம தெரியும்தானே, கிளினிக்குக்குப் போக ஏலாம நிக்க வேண்டி வரும், ஒப்பரேசனுக்குப் பிறகு கைய இறுக்கிப் பிடிக்கப் போடுற பிரஷர் சட்டையும் துவைச்சாக் காயாது. கச்சான் காத்து வீசுற காலத்தில செஞ்சா வெக்கையில அந்த சட்டைக்குள்ள வேர்த்து ஊத்தும். என்னக் கேட்டா மாசி பங்குனி நல்லம், ஆனா வயல் உள்ள வீடு எண்டா அப்பதான் பெரும்போக வெட்டு, உதவிக்கு ஒராளும் வீட்டில நிக்க மாட்டாங்க. உங்கட வீட்டில ஆர் எப்ப சும்மா இருப்பாங்க எண்டு பாத்து தேதி எடுங்க, அதுதான் எல்லாத்தயும் விட முக்கியம்.

வீட்ட ஆயத்தப்படுத்துறது

ஆகக் குறைஞ்சது முதல் ரெண்டு கிழமைக்கு பக்கத்தில ஒராள் வேணும். அம்மாவோ, தங்கச்சியோ, மச்சாளோ, ஆரோ ஒராள், உங்களக் குளிக்க வாத்து உடுப்புப் போட்டு விட கூச்சம் இல்லாத ஆள். "ஒருத்தருக்கும் சொல்லாம செஞ்சிட்டு வந்துடுவம்" எண்டு நினைக்காதீங்க. ஊருக்குச் சொல்லத் தேவல்ல, ஆனா வீட்டில இரிக்கிறவங்களுக்கு சரியா சொல்லி விளங்கப்படுத்தணும். வெளியில காயம் தெரியாததால மூணாம் நாள் "ஒரு வாளி தண்ணி அள்ளித் தாவன்" எண்டு கேப்பாங்க, நீங்களும் வெக்கத்துக்கு அள்ளப் போவீங்க, கமக்கட்டுத் தையல் பிரியிறது அங்கதான்.

கிணத்தில தண்ணி அள்ளுறது, தேங்காய் திருவுறது, புட்டுக்கு மாக் குழைக்கிறது, உடுப்புப் பிழியிறது, முத்தம் கூட்டுறது, புள்ளையத் தூக்கிறது, இதெல்லாம் 4 தொடக்கம் 6 கிழமைக்கு இல்ல. ஒரு தேத்தண்ணிக் கோப்பை, போன், சாப்பாட்டுப் பீங்கான், இவ்வளவுதான் தூக்கலாம். சின்னப் புள்ள உள்ள தாய்மார் கதிரையில சாஞ்சி இருந்துட்டு புள்ளைய ஒராள் மடியில வெச்சி விடச் சொல்லுங்க.

பாயில படுக்கிற ஆக்கள் கட்டாயம் கட்டிலுக்கு மாறணும். நிலத்தில இருந்து எழும்ப கைய ஊண்டாம ஏலாது, எத்தினையோ பேர் இத யோசிக்கிறதில்ல. கட்டிலும் கொஞ்சம் உயரமா இருந்தா காலால எழும்பலாம். ஒப்பரேசனுக்கு ஒரு கிழமைக்கு முதலே கைய நெஞ்சில வெச்சிட்டு காலால மட்டும் கட்டிலில இருந்தும் கதிரையில இருந்தும் எழும்பிப் பழகுங்க. குந்துற கக்கூஸ் மட்டும் உள்ள வீடு எண்டா கொமட் கதிரை ஒண்டு வாடகைக்கோ இரவலோ எடுக்கப் பாருங்க. கழுவுறதுக்கு கை எட்டுமா எண்டதயும் முதலே செஞ்சி பாக்கணும், இது சொல்ல வெக்கமான விசயம் எண்டு ஒருத்தரும் சொல்றதில்ல, ஆனா முதல் கிழமையில பெரிய கஸ்டம் இதுதான். கையில பிடிக்கிற தண்ணிக் குழாய் ஒண்டு பூட்டினா பாதிப் பிரச்சின தீரும்.

உடுப்பு முழுக்க முன்பக்கம் திறக்கிற மாதிரி வேணும். பட்டன் வெச்ச நைட்டி, கை பெருசான சேட். தலையால போடுற எதுவும் கொஞ்ச நாளைக்கு இல்ல. காத்தான்குடி, அக்கரைப்பற்றுப் பக்கத்துச் சகோதரிமார் முன்னால சிப் வெச்ச, கை அகலமான அபாயா தைச்சி வெச்சிக்கொள்ளுங்க. தொழுகையில சுஜூதுக்குப் போகக்குள்ள கையில பாரம் வரும், கதிரையில இருந்து தொழுறதப் பத்தி மௌலவிட்ட கேளுங்க.

அடிக்கடி தேவப்படுற சாமான் எல்லாத்தயும் இடுப்பு உயரத்துக்கு எடுத்து வையுங்க. சீனிப் போத்தல் மேல் தட்டில இருந்தா கை தானாவே மேல போகும்.

ஆஸ்பத்திரியில இருந்து வீடு வரைக்கும்

பலபேர் கொழும்புக்கோ கண்டிக்கோ போய்த்தான் செய்யிறாங்க. கொழும்பில இருந்து மட்டக்களப்பு 300 கிலோமீட்டருக்கு மேல, துண்டு வெட்டி ஆஸ்பத்திரியில இருந்து விட்ட அண்டைக்கே பஸ்ஸில ஏறி வாறது சரியான ஆபத்து. முதலாவது மருந்து கட்டி, காயத்துக்குள்ள சேருற நீர வெளிய எடுக்கிற டியூப் இருந்தா அதயும் கழட்டும் வரைக்கும் அங்கயே சொந்தக்காரர்ட வீட்டிலயோ அறை எடுத்தோ நில்லுங்க. வரக்குள்ள வேன் எண்டா நல்லம், ரயில் எண்டாலும் எழும்பி நடக்க இடம் இரிக்கு. ஒரு மணித்தியாலத்துக்கு ஒருக்கா இறங்கியோ எழும்பியோ நடக்கணும், இருக்கிற நேரத்தில கால் பாதத்த மேலயும் கீழயும் ஆட்டிட்டே இருக்கணும். காலில ரத்தம் கட்டிப் போய் அது நுரையீரலுக்குப் போனா உயிருக்கே ஆபத்து, அதுக்குத்தான் இவ்வளவும் சொல்றன். சீட் பெல்ட் கையில உரசுற இடத்தில சின்னத் தலகணி ஒண்ட வையுங்க.

என்ன ஒப்பரேசன் செஞ்சது எண்டு எழுதி ஆஸ்பத்திரியில தாற டயக்னோசிஸ் கார்ட்ட பத்திரமா கொண்டு வாங்க, போனில படமும் எடுத்து வையுங்க. இடையில ஏதும் எண்டா மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ, கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கோ, அக்கரைப்பற்று ஆஸ்பத்திரிக்கோ போகக்குள்ள அது இல்லாட்டி அவங்களுக்கு என்ன செஞ்சிரிக்கு எண்டே தெரியாது. ஊரில ஆருட்ட மருந்து கட்டலாம், என்ன மருந்து போடுறது எண்டு ஒப்பரேசன் செஞ்ச டொக்டர்ட்ட ஒரு துண்டில எழுதி வாங்கிட்டு வந்தா இன்னும் நல்லம்.

டியூபோட வீட்ட அனுப்பினா, போத்தலில சேருற தண்ணிய ஒரு நாளைக்கு எத்தினை மில்லிலீற்றர் எண்டு கொப்பியில எழுதுங்க, நிறத்தயும் எழுதுங்க. 24 மணித்தியாலத்தில 30 மில்லிலீற்றருக்குக் குறைஞ்சா பெரும்பாலும் கழட்டுவாங்க. சிவப்பா இருந்தது மஞ்சளாகிட்டு வாறது நல்லது, மஞ்சளா இருந்தது திடீரெண்டு ரத்தச் சிவப்பானா உடனே கோல் எடுக்கணும்.

முதல் ரெண்டு கிழமை

மல்லாந்து, தலைப்பக்கம் கொஞ்சம் உயத்தி, ரெண்டு கைக்கும் கீழ தலகணி வெச்சி, கை நெஞ்சு உயரத்துக்கு இரிக்கிற மாதிரிப் படுக்கணும். சரிஞ்சி படுக்க ஏலாது. கையத் தொங்கப் போட்டுட்டே இருந்தா விரல் எல்லாம் வீங்கும், அதால மோதிரம், வளையல் எல்லாத்தயும் ஒப்பரேசனுக்கு முதலே கழட்டிடுங்க, பிறகு கழட்ட ஏலாது. விரல மடக்கி விரிக்கிறது, மணிக்கட்டச் சுத்துறது, முழங்கைய மெல்ல மடக்குறது, இதுகள முதல் நாளில இருந்தே செய்யலாம், அப்பதான் வீக்கம் வடியும். ஆனா முழங்கைய தோளுக்கு மேல தூக்கிற வேலை வேணாம், தலை இழுக்கிறது, கொண்டை கட்டுறது எல்லாம் வேற ஆள்தான் செஞ்சி தரணும். கோயிலுக்குப் போனா தலைக்கு மேல கையத் தூக்கிக் கும்பிடாதீங்க, நெஞ்சுக்கு நேர கும்பிட்டாலும் சாமிக்கு விளங்கும்.

நோவுக்கு பனடோல் (பரசிற்றமோல்) தான் முதல். 500 மில்லிகிராம் குளிசை ரெண்டு, நாளைக்கு 4 தரம், அதாவது 24 மணித்தியாலத்தில 8 குளிசைக்கு மேல போகவே கூடாது. 50 கிலோவுக்குக் குறைஞ்ச ஆக்களும் ஈரல் வருத்தம் உள்ள ஆக்களும் டொக்டர்ட்ட கேட்டு இன்னும் குறைக்கணும். தடிமல் குளிசையிலயும் பெரும்பாலும் அதே மருந்துதான் இரிக்கு, ரெண்டயும் சேத்துப் போட்டுடாதீங்க. இரைப்பை பைபாஸ் செஞ்ச ஆக்கள் டைக்ளோபெனக், புருபன் மாதிரி மருந்த பாமசியில கேட்டு வாங்கிப் போடக் கூடாது, குடலத் தைச்ச இடத்தில புண் வரும். பாமசிக்காரருக்கு உங்கட பழைய ஒப்பரேசன் தெரியாது, நீங்கதான் சொல்லணும். கடும் நோவு மருந்து தந்திருந்தா மலச்சிக்கல் வரும், பப்பாசிப்பழமும் தண்ணியும் முதல் நாளில இருந்தே தொடங்குங்க.

முதல் தரம் கட்ட அவிழ்த்துப் பாக்கக்குள்ள மனம் உடையும். ரத்தம் கண்டிப் போய், நீலமும் மஞ்சளுமா, ஒரு கை மத்தத விட வீங்கி, தையல் கோணலா இரிக்கும். அந்த நேரம் தலை சுத்தி விழவும் பாக்கும், அதால கதிரையில இருந்துட்டு, பக்கத்தில ஆள வெச்சிட்டுத்தான் அவிழ்க்கணும். அது கடைசி வடிவம் இல்ல. பெரிய வீக்கம் வடிய கிழமைக்கணக்கா எடுக்கும், வடிவம் சரியா தெரிய 6 மாசம், சில ஆக்களுக்கு ஒரு வருசம். மூணாம் நாலாம் நாள் காரணம் இல்லாம அழுக வரும், நிறையப் பேருக்கு வாறதுதான், வீட்டு ஆக்களுக்கும் இத முதலே சொல்லி வையுங்க.

சாப்பாடு

இதுலதான் எங்கட வீடுகளில சண்டையே வாறது. ஒப்பரேசன் செஞ்ச ஆள் எண்டா "முட்ட வேணாம், றால் வேணாம், சூரை வேணாம், கத்தரிக்காய் வேணாம், எல்லாம் கிரந்தி, காயம் சீழ் பிடிக்கும்" எண்டு சொல்லி ரசமும் சோறும் மட்டும் குடுப்பாங்க. அன்பாத்தான் செய்யிறாங்க, ஆனா காயம் ஆறுறதுக்கு உடம்பு கேக்கிறது புரதம். அதிலயும் இரைப்பை ஒப்பரேசன் செஞ்சி எடை குறைச்ச ஆக்களுக்கு வயிறு சின்னன், சாப்பிடுறது கொஞ்சம், அந்தக் கொஞ்சத்தயும் சோத்தால நிரப்பினா தையல் ஆறாது, ஓரம் பிரியும்.

ஒரு நாளைக்கு 60 தொடக்கம் 80 கிராம் புரதமாவது வேணும், கூடவும் சொல்லுவாங்க. சிறுநீரக வருத்தம் உள்ள ஆக்கள் மட்டும் டொக்டர்ட்ட கேட்டுட்டுச் செய்யுங்க. ஒரு முட்டையில 6 கிராம் வரும், 100 கிராம் மீனில 20 கிராம் அளவில. எங்கட ஊரில இதுக்குப் பஞ்சமா? களப்பு மீன், பால்சுறா வறை, எருமைத் தயிர், பருப்பு, அவிச்ச கடலை, கௌப்பி எல்லாம் இரிக்கு. பீங்கானில முதல்ல மீனயோ முட்டையயோ சாப்பிட்டுட்டு மறுகா சோத்தத் தொடுங்க. உண்மையிலயே ஏதும் சாப்பாடு உங்களுக்கு ஒத்துக்கொள்ளாம கடி, தடிப்பு வாறது எண்டா அத விடுங்க, மத்ததுகள விடாதீங்க. அம்மாமாரோட சண்டை பிடிக்காம, கிளினிக்குக்கு அவங்களயும் கூட்டிட்டுப் போய் டொக்டர்ர வாயால சொல்ல வையுங்க, அதுக்குப் பிறகு அவங்களே முட்ட அவிச்சித் தருவாங்க.

இரும்புக் குளிசை குடிக்கிற ஆக்கள் அதோட சேத்து தேத்தண்ணி குடிக்காதீங்க, சேராது. கல்சியம் குளிசைக்கும் அதுக்கும் ரெண்டு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்க. சுகர் உள்ள ஆக்கள் வீட்டிலயே சுகர் பாத்துக்கொள்ளணும், சுகர் கூடினா காயத்தில கிருமி கெதியா பிடிக்கும்.

பிரஷர் சட்டையும் குளிப்பும்

கைய இறுக்கிப் பிடிக்கிற அந்த சட்டை பொதுவா 4 தொடக்கம் 6 கிழமை, ராவும் பகலும். ரெண்டு சோடி வாங்குங்க, ஒண்டு துவைச்சிக் காயக்குள்ள மத்தது போட. வெயிலில கொளுத்தக் காய வைக்காம நிழலில காய விடுங்க, இலாஸ்டிக் கெட்டுப் போகும். விரல் நீலமாகினாலோ, குளிந்து விறைச்சாலோ சட்டை இறுக்கம் கூட, கழட்டிட்டு டொக்டருக்குச் சொல்லணும். மடிப்பு விழுந்து ஒரே இடத்தில வெட்டுற மாதிரி இரிக்கவும் விடக் கூடாது. கமக்கட்டில வேர்த்து ஊறிப் போனா சொறி வரும், அதால ஃபேனுக்குக் கீழ இருங்க, காயத்துக்கு மேல பவுடர் கொட்டாதீங்க.

எப்ப குளிக்கலாம் எண்டத டொக்டர் சொல்லுவாரு, டியூப் இருந்தா பெரும்பாலும் அது கழட்டின பிறகுதான். அது வரைக்கும் துணிய நனைச்சி உடம்பத் துடைக்கலாம். காயத்தில படுற தண்ணி கொதிக்க வெச்சி ஆறின தண்ணியா இருக்கட்டும், கிணத்துத் தண்ணி மழைக்காலத்தில கலங்கிரிக்கும். தேய்க்காம வாத்து விட்டு, சுத்தமான துணியால ஒத்தி எடுக்கணும். கல்லடிக் கடல், களப்பு, ஆறு, வாய்க்கால் ஒண்டிலயும் காயம் முழுசா மூடும் வரைக்கும் இறங்காதீங்க. மஞ்சள், தேங்காய் எண்ணெய், வேப்பிலை, சித்தாலேப, ஆர் என்ன கொண்டு வந்து தந்தாலும் திறந்த காயத்தில பூசக் கூடாது.

எப்ப பயப்படணும்

கமக்கட்டுப் பக்கம் சின்னதா ஒரு இடம் பிரிஞ்சி கொஞ்சம் நீர் வடியிறது பலருக்கு நடக்கும், மருந்து கட்டினா தானாவே ஆறும், ஆனா காட்டத்தான் வேணும். முன்கையில உள்பக்கம் விறைப்பா இரிக்கிறதும் நடக்கும், தோலுக்கு உணர்வு குடுக்கிற நரம்பு அந்த வழியாத்தான் போகுது, மாசக்கணக்கில திரும்பி வரும், சிலருக்கு கொஞ்சம் விறைப்பு நிண்டுடும். விறைச்ச இடத்தில சூடு தெரியாது, அதால அடுப்படியில கவனம், ஒத்தடமும் வேணாம்.

காய்ச்சல் 38 பாகை செல்சியசுக்கு மேல போறது, காயத்தச் சுத்திச் சிவப்பு பரவுறது, சீழ், நாத்தம், இதெல்லாம் கண்டா அண்டைக்கே ஆஸ்பத்திரி. ஒரு கை மட்டும் மணிக்கணக்கில இறுகி வீங்கி சரியான நோவு வந்தா உள்ளுக்கு ரத்தம் சேருது, விடியும் வரைக்கும் பாத்துட்டு இருக்கக் கூடாது. மூச்சு முட்டுறது, நெஞ்சு நோவு, ஒரு காலில கெண்டைச் சதை வீங்கி நோகுறது எண்டா ஓட்டோ தேடி ஓடாம 1990 அம்புலன்சுக்கு அடிங்க, அதுக்குக் காசு இல்ல.

திரும்ப வேலைக்கு

இருந்து செய்யிற ஒபிஸ் வேலை எண்டா ரெண்டு கிழமையில போற ஆக்கள் இரிக்காங்க. போர்டில எழுதுற டீச்சர்மாருக்கு அது காணாது, கை தோளுக்கு மேல போகணும்தானே, 4 கிழமையாவது லீவு கேளுங்க. தையல் மெசின், வயல், கடையில மூட்டை தூக்கிறது, இதுக்கெல்லாம் 6 கிழமையும் டொக்டர்ர சம்மதமும் வேணும். ஸ்கூட்டி ஓடுறதுக்கு ரெண்டு கையாலயும் திடீரெண்டு பிரேக் பிடிக்க ஏலுமா எண்டு நிறுத்தி வெச்ச வண்டியில செஞ்சி பாருங்க. நித்திர வாற நோவுக் குளிசை போடுற நாளில ஓடவே வேணாம், பிரதான வீதியில ஆடு மாடு குறுக்க வாறதுக்குச் சொல்லத் தேவல்ல.

3, 4 கிழமைக்குப் பிறகு டொக்டர் சரி எண்டு சொன்னா தோள்மூட்ட மெல்ல மெல்ல அசைக்கத் தொடங்கணும். சுவரில விரல வெச்சி எறும்பு ஏறுற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா மேல ஏத்துறது நல்ல பயிற்சி. பயத்தில கைய ஒட்டி வெச்சிட்டே இருந்தா தோள் இறுகிப் போகும்.

தழும்பு

தழும்பு இருக்கும், நீளமா இருக்கும், கை இல்லாத சட்டை போட்டா தெரியும். முதல் மாசங்களில சிவந்து தடிச்சி வரும், ஒரு வருசம் ஒண்டரை வருசத்தில மங்கும். பொருக்கு எல்லாம் விழுந்து காயம் முழுசா மூடின பிறகு சிலிக்கன் ஜெல்லோ சிலிக்கன் ஒட்டியோ தொடங்கலாம், ஒட்டி எண்டா ஒரு நாளில 12 மணித்தியாலத்துக்கு மேல, மாசக்கணக்கா விடாம போடணும், ஒரு கிழமை போட்டுட்டு விட்டா பிரயோசனம் இல்ல. எங்கட வெயிலுக்கு புதுத் தழும்பு கறுத்துடும், நீளக் கை சட்டை போடுங்க, இல்லாட்டி SPF 30க்குக் குறையாத சன்கிறீம் பூசுங்க. கயிறு மாதிரித் தடிச்சி, கடிச்சி, நோகத் தொடங்கினா பாத்துட்டே இருக்காம கிளினிக்குக்குப் போங்க, தழும்புக்குள்ள போடுற ஸ்டீரொயிட் ஊசி இரிக்கு, வெள்ளனப் போனா நல்லா வேலை செய்யும்.